ஏழு ஊர், இரண்டு நாளா? நான் வரவில்லை



பொங்கல் விடுமுறைக்குத் தம்பி மகன் குடும்பக் குழுவில் ஒரு திட்டம் போட்டிருக்கிறான். திருவண்ணாமலையில் வேன் ஏறி புதுச்சேரி, பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. இரண்டே நாள்! அதில் தரங்கம்பாடிக்கு 20 நிமிடம்.

எங்கள் ரமணாசிரமம் பக்கம் தினமும் பார்க்கிறேன். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஆட்டோவில் சுற்றிவிட்டு "பார்த்தாச்சு சார்" என்கிறார்கள். அந்த ரகம்தான் இதுவும்.

"1620, டேனியர் கோட்டை, தரங்கம்பாடி" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். நோட்டில் எழுதிய உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓய்வு பெறும்வரை அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு சுற்றுலா வேனில் போனேன். கோட்டை வாசலில் ஒரு போட்டோ, உடனே ஹாரன். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய கரையில் கால் வைக்கவில்லை. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் அது. ஒரு தெருகூட நடக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் எனக்கு வாய் பேச வரவில்லை.

நேரமில்லையாம்! 1930இல் உப்பெடுக்க ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 15 நாள் நடந்தே போனார். நான் கேட்பது ஐந்து நாள். முதல் நாள் செஞ்சி வழியாகப் புதுச்சேரி மட்டும். மறுநாள் பிச்சாவரம் படகு, இரவு சிதம்பரம். மூன்றாம் நாள் முழுக்கத் தரங்கம்பாடி. நாலாம் நாள் நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. ஐந்தாம் நாள் வீடு. பூம்புகார் அடுத்த தடவை.

செலவுதான் பிரச்சினை என்றால், தரங்கம்பாடி அறை வாடகை என் பென்ஷனில். ஞாயிற்றுக்கிழமைக்குள் திட்டத்தை மாற்று தம்பி. இல்லையென்றால் என் சீட்டில் வேறு யாரையாவது ஏற்றிக்கொள்.