சிரிக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள்!

பத்தாம் வகுப்பு மாணவி

"மை பென்சில் வென்ட் ப்ரோக்கன்!"

சென்ற கோடை விடுமுறையில், திண்டிவனத்தில் பாட்டி வீட்டிற்கு வந்திருந்த என் சித்தி மகள் சொன்ன வாக்கியம் இது. அவள் கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிப்பவள். கான்வென்டில் படிக்கும் நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். விடுமுறை முடியும்வரை அவள் என் எதிரில் ஓர் ஆங்கிலச் சொல்லும் பேசவில்லை.

விழுப்புரம் திரும்பிய பின் என் முறை வந்தது. கட்டுரை நோட்டில் "மை சிஸ்டர் பிகேம் மேரீட்" என்று எழுதியிருந்தேன். "காட் மேரீட்" என்று சிவப்பு மையில் திருத்தப்பட்டு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவர் செய்ததும் ஒரே தவறு! பென்சில் உடைந்து போயிற்று. "போயிற்று" என்றால் "வென்ட்". அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. "ஆயிற்று" என்றால் "பிகேம்". தமிழில் சரியாக நினைத்தோம், ஆங்கிலத்தில் தவறினோம். அது அறியாமையன்று, பாதி அறிவு.

மீதிப் பாதி என்ன? ஒரு நிகழ்ச்சியால் வந்த மாற்றத்தைப் பாஸ்ட் பார்ட்டிசிபிளோடு சொல்லும்போது பெரும்பாலும் "கெட்" வரும்: காட் ப்ரோக்கன், காட் லாஸ்ட், காட் ஹர்ட். "பிகம்", பண்புச்சொல்லாகவே ஆகிவிட்டவற்றோடு சேரும்: பிகேம் டயர்ட், பிகேம் கன்ஃப்யூஸ்ட். பெயர்ச்சொல்லோடும் சேரும்: 1993-ஆம் ஆண்டு தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நம் விழுப்புரம் மாவட்டத் தலைநகர் ஆயிற்று, அங்கே "பிகேம்" சரியே. "கோ", "அன்" என்று தொடங்கும் சில சொற்களோடு வரும்: வென்ட் அன்நோட்டீஸ்ட். கவனிக்கப்படாமலே போயிற்று! பாருங்கள், இங்கே நம் "போயிற்று" அப்படியே பொருந்துகிறது.

"கெட்" கொச்சைச் சொல், அதைத் தவிர்க்க வேண்டும் என்பார் உண்டு. "த டோர் வாஸ் லாக்ட்" என்றால் கதவு பூட்டியிருந்ததா, யாரோ பூட்டினார்களா? இரண்டும் ஆகலாம். "காட் லாக்ட்" என்றால் ஐயமில்லை. பயனுள்ள சொல்லை ஏன் விலக்க வேண்டும்?

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வளராது என்பது சிலர் கருத்து. நாள் முழுவதும் தமிழ் பேச நான் கேட்கவில்லை. தவறு எங்கிருந்து பிறந்தது என்று காட்ட ஐந்து நிமிடம் போதும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், புதிதாக வரும் குருக்கள் பேச்சுத் தமிழைக் கற்பதற்காக எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதை அவர் எழுதியது அவர்கள் அறிந்த இலத்தீன் மொழியில்! தெரிந்ததிலிருந்துதானே தெரியாததற்குப் போக முடியும்?

பெற்றோர்களே, ஆங்கிலம் தெரியவில்லையே என்று வருந்த வேண்டாம். "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். தோழியரே, சிரிப்பால் திருந்திய வாக்கியம் ஒன்றுமில்லை. மூடிய வாய்கள்தாம் உண்டு.

அரையாண்டு விடுமுறையில் தங்கையிடம் என் சிவப்பு மை நோட்டைக் காட்டினேன். இம்முறை அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மை பென்சில் காட் ப்ரோக்கன், அக்கா."