பழைய காருக்குப் புதிய சக்கரம்



பாட்டனார் விட்டுச்சென்ற அம்பாசிடர் கார் ஒன்று. அதைச் செப்பனிட்டு மீண்டும் சாலையில் ஓட்ட விரும்புகிறார் பேரன். அகலமான அலாய் வீல்களைப் பொருத்த வேண்டும், ஸ்பிரிங்கைக் குறைத்துக் காரைத் தரையோடு ஒட்டினாற்போல் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. தகப்பனாரோ, "அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும், ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது" என்கிறார். இந்தப் பிணக்கு வீட்டு வாசலைக் கடந்து என்னிடமும் வந்தது. நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பழைய வாகனம் நிற்கும் வீடுகள் இன்னும் சில உண்டு. ஆகவே அந்தக் குடும்பத்தாரின் இசைவோடு, என் கருத்தை எல்லாருக்குமாக இந்த வாரம் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். பழைய வாகனத்தை மாற்றுவது குற்றமன்று. மாற்றாமல் வைத்திருப்பது மட்டுமே மரியாதையும் அன்று. ஆனால் எந்த மாற்றமும் அது ஓடப்போகும் சாலையையும், அந்தச் சாலையில் உடன் செல்லும் மனிதரையும் பார்த்துத் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கின்படி, நம் பகுதியில் ஓடும் அம்பாசிடரின் உயரத்தைக் குறைக்கக் கூடாது. சக்கரத்தை மாற்றலாம், ஆனால் அளவறிந்து மாற்ற வேண்டும்.

முதலில் அந்தக் கார் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் இறுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இருந்த அந்தத் தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. 15 அங்குலச் சக்கரம், உயரமான அடிப்பகுதி, பின்புறம் அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங், முன்புறம் முறுக்கேறி எடை தாங்கும் டார்ஷன் பார் என்னும் இரும்புத் தண்டு ஆகியவை அதன் உறுப்புகள். வயல் வரப்பை ஒட்டிய மண்சாலையிலும் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு அது சென்றது இவற்றால்தான். அந்த உயரம் வடிவமைத்தவரின் கவனக்குறைவால் வந்ததன்று. அது ஒரு தேவைக்கு விடையாக அமைந்தது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். டெல்டாவின் பழைய மாட்டுவண்டிகளில் சக்கரம் ஆள் மார்பளவுக்கு நின்றது. சேற்றில் சிறிய சக்கரம் புதைந்துவிடும். பெரிய சக்கரம் பள்ளத்தை ஏறிக் கடந்துவிடும். பின்னர் தார்ச்சாலைகள் வந்தபோது ரப்பர் டயர் பூட்டிய வண்டிகள் வந்தன, சக்கரமும் சிறியதாயிற்று. வழி மாறியதால் சக்கரம் மாறியது. கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பதற்காக மாறவில்லை.

இனி, உயரத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவோம். அதில் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கார் தாழ்ந்தால் அதன் எடையின் மையமும் தாழ்கிறது. வளைவில் சாய்வது குறைகிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் மோட்டார் பந்தயங்கள் நடந்த காலத்தில் அம்பாசிடரும் பியட்டும் ஹெரால்டும் பந்தயத்துக்காகத் திருத்தப்பட்டு ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளமே அமைந்தது. அங்கே தளம் சமமானது. எதிரே வாகனம் வராது. குறுக்கே சைக்கிளில் எவரும் போகமாட்டார். தாழ்ந்த காருக்கு அதுவே உரிய இடம்.

நம் சாலை அப்படிப்பட்டதா? தெருவுக்குத் தெரு வேகத்தடை; அவற்றில் பல அளவின்றிப் போடப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாமல் நீர் நிற்கும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். தாழ்த்தப்பட்ட கார் இவற்றைக் கடக்கும்போது முதலில் சைலன்சர் உரசும். அடுத்து இன்ஜின் எண்ணெய்த் தொட்டி அடிபடும். எண்ணெய் ஒழுகிப்போனதை ஓட்டுபவர் கவனிக்கும் முன் இன்ஜினே கெட்டுவிடலாம்.

தாழ்த்தும் முறைகளிலும் வேறுபாடு உண்டு. அம்பாசிடரின் முன்புறத்தில் டார்ஷன் பாரைக் கழற்றி, பல்லிடம் மாற்றிப் பூட்டி உயரத்தைக் குறைப்பார்கள். தண்டின் வலிமை அப்படியே இருக்கும். ஆனால் சக்கரம் மேலெழுவதற்கான இடைவெளி சுருங்கிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை, கடைசியில் இருக்கும் ரப்பர் முட்டுக்கட்டை வாங்கும். அதன் வழியாக உடற்சட்டம் வாங்கும். ஏற்கெனவே கடற்காற்றில் துரு ஏறிய சட்டம் எத்தனை அடி தாங்கும்? பின்புறத்தில் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைத்துத் தாழ்த்துவது ஒரு முறை. அடுக்கிலிருந்து பட்டைகளை உருவிவிடுவது இன்னொரு முறை. இதில் காரின் சுமை தாங்கும் திறனே குறைந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் தீங்கானது, கேஸ் சுடரால் ஸ்பிரிங்கைப் பழுக்கக் காய்ச்சி வளைவை இறக்குவது. எஃகுக்குப் பதம் கொடுத்தே ஸ்பிரிங் ஆக்குகிறார்கள். சுடர் அந்தப் பதத்தை அழித்துவிடும். அது முறியும் நாளை யாரும் முன்னறிவிக்க முடியாது. செலவு குறைவு என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் இதற்கு உடன்படாதீர்கள்.

இளைஞர்கள் பெரும்பாலும் எண்ணிப்பாராத ஒன்றும் இருக்கிறது. பின்புறத்தை மட்டும் தாழ்த்தினால் காரின் மூக்கு நிமிரும். முகப்பு விளக்கின் ஒளியும் நிமிர்ந்து எதிரே வருபவர் கண்ணில் விழும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு முழுதும் மக்கள் நடந்து வருவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நாகூர் கந்தூரிக்கு வரும் கூட்டத்தையும் அறிவோம். குழந்தையைத் தோளில் சுமந்து சாலையோரம் நடக்கும் ஒருவருக்கு, எதிரே வருவது அழகிய கார் என்பது தெரியாது. கண் கூசி ஓரடி தவறுவதுதான் அவருக்குத் தெரியும்.

சக்கரத்துக்கு வருவோம். கடையில் அலாய் வீலைப் பார்த்தவுடன் அழகு கண்ணில் படும். பொருந்துமா என்பது கண்ணில் படாது. போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் ஒரு காரில் 98 மில்லிமீட்டர், வேறொன்றில் 100 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் காணாது. நட்டை அழுத்தி முறுக்கினால் சக்கரம் ஏறிவிட்டதுபோலவும் தோன்றும். ஆனால் ஓட ஓட நட்டுத் தளரும். போல்ட்டு முறியவும் கூடும். துளை நீள்வட்டமாக அராவப்பட்ட சக்கரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடுத்தது ஆஃப்செட் என்பார்களே, அதாவது சக்கரம் அச்சிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே அமைகிறது என்னும் அளவு. வெளியே தள்ளிய சக்கரம் கம்பீரமாகத் தெரியும். பேரிங்கின்மேல் விழும் பாரமோ கூடிவிடும். ஸ்டீயரிங் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும்.

டயரின் அளவை எண்களாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக 175/80 ஆர்15 என்ற டயரின் பக்கச்சுவர் 140 மில்லிமீட்டர். முழு விட்டம் 661 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 205/40 ஆர்17 என்ற டயரைப் போட்டால் வளையம் பெரிதாகிறது. ஆயினும் பக்கச்சுவர் 82 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. முழு விட்டம் ஏறத்தாழ 596 மட்டுமே. ஸ்பிரிங்கைத் தொடாமலேயே கார் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 90ஆக இருக்கும். ஓடிய தூரக் கணக்கும் பொய்யாகிவிடும். மெல்லிய பக்கச்சுவர் பள்ளத்தின் அடியை நேராக வளையத்துக்குக் கொடுக்கும். அலாய் வளையம் வெடிக்கக்கூடும். அகன்ற டயர் தேங்கிய நீரின்மேல் எளிதில் மிதந்து பிடிப்பை இழக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய காரைத் திருப்ப இன்னும் தோள்வலிமை வேண்டும்.

ஆகவே என் ஆலோசனை எளியது. 15 அங்குல வளையமே இருக்கட்டும். முழு விட்டம் மாறாதபடி நல்ல ரேடியல் டயர் போடுங்கள். துருப்பிடித்த பழைய இரும்பு வளையத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். அலாய் விரும்பினால் அதே விட்டத்தில், அதே போல்ட்டு வட்டத்தில், காரின் எடையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதை வாங்குங்கள். கடற்காற்றில் அலாயும் பொரியும். மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மீதிப் பணத்தை பிரேக்குக்குச் செலவிடுங்கள். பழைய அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; நீரில் நனைந்தால் அதன் பிடிப்புக் குறையும். அழகான சக்கரம் ஓடுவதைவிட, வேண்டிய இடத்தில் நிற்பது முதன்மையானது.

சட்டமும் இதில் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்ற முடியாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. மேலும், 50 ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கென 2021இல் வந்த பாரம்பரிய வாகன விதிகள், சட்டத்திலும் உடற்கூட்டிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாததையே பாரம்பரிய வாகனமாக ஏற்கின்றன. இன்று பொழுதுபோக்காக அறுத்துவிட்டால், நாளை அந்தத் தகுதியை மீட்க முடியாது. வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டுக்கொள்வது நலம்.

"அப்படியானால் ஒன்றையும் தொடக் கூடாது என்ற அப்பா சொன்னதுதான் சரியா?" என்று தம்பி கேட்கலாம். இல்லை. நம் அருகில் இருக்கும் திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரம் கொண்ட அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் துணையோடு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. தேரின் தோற்றம் குலையவில்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கும் வீதியில் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு வழி பிறந்தது. மரபைப் போற்றும் மக்களே சக்கரத்தை மாற்றினார்கள். சுமையைத் தாங்கவும் மனிதரைக் காக்கவும் செய்யும் மாற்றம், பழமைக்குச் செய்யும் துரோகமன்று.

தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிவைத்த காரை நாகூரின் உப்புக்காற்று விட்டுவைக்காது. ஓடாத காரில் பிரேக் இறுகும், டயர் வெடிக்கும், தரைத்தகடு உதிரும். "தொடாதே" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ வீடுகளில் பாட்டனாரின் வாகனம் பழைய இரும்புக்கு எடைபோடப்பட்டது. மகன் அதைத் தொட விரும்புகிறான் என்பதே நல்ல செய்தி. அவனுக்கென்று சிலவற்றை விட்டுக்கொடுங்கள்: வண்ணத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும்; இருக்கைத் துணியை மாற்றட்டும்; சக்கரத்தின் பொலிவையும் அவனே தீர்மானிக்கட்டும். உயரத்தையும் பிரேக்கையும் பற்றி மட்டும் இருவரும் ஒரு நல்ல மெக்கானிக்கின் முன் அமர்ந்து பேசுங்கள்.

இளைஞர்களே, கோயம்புத்தூர் செல்லும்போது ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பழைய கார்கள் தமக்குரிய உயரத்தில், தமக்குரிய சக்கரத்தில் நிற்பதில் ஓர் அழகு இருப்பதை அங்கே காண்பீர்கள். பிறகு உங்கள் காருக்கு முன் வந்து நின்று, எது குறைகிறது என்று பாருங்கள்.

நாம் உரிமையாளர்கள் அல்லர், உக்கிராணக்காரர்கள் என்று ஞாயிறுதோறும் சொல்லுகிறோம். அந்தச் சொல் காணிக்கைப் பைக்கு மட்டும் உரியதன்று. வாசலில் நிற்கும் வாகனத்துக்கும் உரியது. பிறர் உயிருக்கு ஆபத்தில்லாமல் அதை ஓட்டி, நம்மிடம் வந்ததைவிட நல்ல நிலையில் அடுத்தவர் கையில் கொடுப்பதே அந்தப் பொறுப்பு. வரும் மழைக்காலத்துக்கு முன் உங்கள் வாகனங்களின் டயரையும் பிரேக்கையும் விளக்கையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

சமாதானத்துடன்,
உங்கள் போதகர்