உரலுக்கும் லைசென்ஸா?
கிராம ஊராட்சிகளில் சிறு வியாபாரிகளும் லைசென்ஸ் பெற வேண்டுமென 2025ம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் விதி செய்தனர். கண்டனம் எழவே அவ்வருஷமே அதை நிறுத்தி வைத்தனர். நிறுத்தி வைப்பது ரத்துச் செய்வதாகாது.

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளை நினைத்துப் பார்ப்போம். அங்குள்ள பெண்கள் சாமையையும் தினையையும் வீட்டிலேயே பக்குவம் செய்து விற்கின்றனர். உணவின் சுத்தத்தைக் காக்க 2006ம் வருஷத்திய சட்டமிருக்கிறது. அச்சட்டமே சிறு உற்பத்தியாளருக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதுமென்கிறது. அதற்குமேல் மற்றோர் அனுமதி எதற்கு? புகையாலும் கழிவாலும் அயலாரை வருத்தும் ஆலைக்கு லைசென்ஸ் அவசியம். உரலுக்கும் முறத்துக்கும் அவசியமில்லை.

அனுமதியின்றி உப்பெடுக்கலாகாதென்ற அந்நிய ஆட்சியை 1930ல் வேதாரண்யத்தில் எதிர்த்தது தமிழ்நாடு. சுயராஜ்யத்தில் குடிசைத் தொழிலுக்குத் தடை தகாது. வீட்டுத் தொழிலுக்கு ஊராட்சியில் அறிவித்தாலே போதுமென விதியைத் திருத்துமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.