டோனர் தூள் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை மறுப்பு: மேல்முறையீட்டால் மட்டும் தீருமா?

லேசர் அச்சுப்பொறிகளுக்கான வண்ண டோனர் தூளைத் தயாரிக்கும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கோருவோருக்கு முக்கியத் தடை, 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. மருந்து வழக்குகளால் பிரபலமான இப்பிரிவு, ஏற்கெனவே அறியப்பட்ட செயல்முறையை வெறுமனே பயன்படுத்துவதையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அதிலிருந்து புதிய பொருள் கிடைக்க வேண்டும். அல்லது புதிய வினைபடுபொருள் ஒன்றாவது இடம்பெற வேண்டும்.

பிசின், நிறமி, மெழுகு ஆகியவற்றை உருக்கிக் கலந்து, குளிர்வித்து, சில மைக்ரான் அளவுக்கு அரைப்பது பழைய முறை. நீர்மத்திலேயே வேதிவினை மூலம் துகள்களை உருவாக்குவது பிந்தைய முறை. இரண்டும் துறையினர் அறிந்தவையே. எனவே வெப்பநிலையையோ கலக்கும் வரிசையையோ மாற்றியதாகக் கூறுவது மட்டும் போதாது. துகளின் அளவும் மின்னூட்டமும் எவ்வாறு மேம்பட்டன என்பதை ஒப்பீட்டுச் சோதனைகளுடன் காட்டுவதே வலுவான வாதம். பல நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் வண்ண அச்சில் அந்த வேறுபாடு அற்பமானதன்று.

கட்டுப்பாட்டாளர் நிராகரித்தால், 117ஏ பிரிவின்கீழ் 3 மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், இம்மனுக்களை இப்போது உயர் நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. உரிய காரணம் கூறாத நிராகரிப்பு ஆணைகளை அவை ரத்து செய்ததுண்டு. ஆனால், மறுபரிசீலனைக்கு அனுப்பப்படும் விண்ணப்பம் மீண்டும் காப்புரிமை அலுவலகத்துக்கே திரும்புகிறது.

கோரிக்கைகளைக் குறுக்கித் திருத்த 59ஆவது பிரிவு இடமளிக்கிறது, விரிவாக்க அனுமதிப்பதில்லை. இதை முதல் விசாரணையின்போதே பயன்படுத்துவது நல்லது. ஏனெனில், காப்புரிமையின் 20 ஆண்டுக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்தே ஓடுகிறது. வழக்கில் கழியும் ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை.