பழைய பைத்தானை நீக்கியது சரியா?

புரோகிராம்களில் உள்ள பிழைகளைத் தேடிப் பிடிக்க உதவும் புரோகிராமுக்கு டீபக்கர் என்று பெயர். ஜிடிபி என்பது புகழ்பெற்ற இலவச டீபக்கர். இதற்கான புதிய கட்டளைகளைப் பைத்தான் மொழியில் நாமே எழுதிக்கொள்ளும் வசதி 2009ல் வந்தது.

பைத்தான் 2ம் 3ம் முழுமையாக ஒத்துப் போகாதவை. எனவே ஜிடிபிக்குள் பல இடங்களில் ஒரே வேலைக்கு இரண்டு விதமான வரிகள் இருந்தன. 2020ல் பைத்தான் 2க்கான ஆதரவே நின்றது. 2022ல் வந்த 12ஆம் பதிப்பே அதை ஏற்கும் கடைசிப் பதிப்பு என்று அறிவித்து, 2023ல் வந்த 13ல் நீக்கிவிட்டார்கள்.

பழைய ஸ்கிரிப்ட் வைத்திருந்தவர்களுக்குச் சிரமம்தான். ஆனால், பிழை தேடும் கருவிக்குள்ளேயே பிழை ஒளிய இடம் தரலாமா? முன்பே சொல்லிவிட்டு நீக்கியது சரியே. நீங்களும் எந்த சாப்ட்வேரையும் அப்டேட் செய்யும் முன், அதில் எதை நீக்கியிருக்கிறார்கள் என்று படித்துவிடுங்கள்.