காபிப் பொடிக்கு மாதுங்கா வரை போகணுமா?

மொபைலைத் தட்டினா காபிப் பொடி மறுநாள் வாசலில். மும்பையில் இதுக்காக மாதுங்காவுக்கு ரயிலேறுவது பைத்தியக்காரத்தனம்னு தங்கமணி கட்சி. நான் இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கேன்.

அரைச்ச பொடி சில நாளிலேயே மணத்தைத் தொலைக்க ஆரம்பிச்சுடும். பாக்கெட் எந்த கோடவுனில் எத்தனை வாரம் கிடந்ததோ! அப்புறம் பதம். போன மாசம் ஆன்லைனில் வந்தது மாவாட்டம் நைஸ். ஃபில்டர் அடைச்சு, ராத்திரி ஊத்தினதில் பாதிகூட காலையில் இறங்கலை. யாரிடம் போய் அழ? கடையில் "போன தடவை டிகாக்‌ஷன் இறங்கலை மாமா"ன்னு சொன்னா போதும், மெஷினைத் திருகிக் கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சுத் தருவார். பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி 20 சதவீதம், எல்லாம் நம்ம கண்ணெதிரே எடை போட்டு.

பாக்கெட்டில் ஒரு நல்லது, சிக்கரி எத்தனை சதவீதம்னு அச்சடிச்சே ஆகணும். 49 வரை கலக்க சட்டமே அனுமதிக்குது (காபி விலையில் சிக்கரி!). திருப்பிப் பார்த்து வாங்குங்க.

ரயிலேற நேரமில்லாதவங்க வறுத்த கொட்டையை ஆன்லைனில் வாங்கி, வேண்டியபோது மிக்ஸியில் அரைச்சுக்கலாம். சூடேறாம விட்டு விட்டு ஓட்டணும். சிக்கரியைத் தனியா வாங்கி, கடைசியில் கலந்துக்குங்க.