பள்ளிக்கூடத்துக்குப் பேசும் கடிகாரம் வேண்டுமா?

தொண்டாமுத்தூரிலிருந்து நரசிபுரம் போகும் வழியில் ஒரு பாக்குக் களம். போன மாதம் அங்கே பாக்கு உரித்துக்கொண்டிருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “ஏனுங்கண்ணா, கையில கட்டிட்டே பேசற வாட்ச் வருதாமே, பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தரலாமுங்களா? ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு அவ பஸ்ஸை உட்டு எறங்கறதுக்குள்ள பொழுது போயிருதுங்க. ஆனை வேற.” மகள் பத்தாம் வகுப்பு. என் பதிலுக்குக் காத்திருந்தபோதும் அவர் கை நிற்கவில்லை. தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டிய ஊர்கள் இவை. பொழுது சாய்ந்தால் வாழைக்கும் தென்னைக்கும் யானை இறங்கும்; விடிந்த பிறகும் சில நாள் தோட்டத்தை விட்டுப் போகாது. பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் வாட்ச் வெறும் பகட்டு என்று கோவை நகரத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். இந்தத் தாய் பகட்டுக்குக் கேட்கவில்லை. அதனால் அவருக்குச் சொல்லும் பதிலில் பொறுப்பு வேண்டும்.

முதலில், அவர் நினைத்திருக்கும் கடிகாரமும் கடையில் கிடைக்கும் கடிகாரமும் ஒன்றல்ல. ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கண்ணாடிக்குள் மின்னுபவை பெரும்பாலும் புளூடூத் ரகம். பக்கத்தில் ஒரு கைப்பேசி இருந்தால்தான் அதில் பேச முடியும். கைப்பேசி பத்து மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் அது மணி காட்டும், அடி எண்ணும், நாடித் துடிப்பு சொல்லும், அம்மாவைக் கூப்பிடாது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. ஆக, எந்தச் சாலைக்காகப் பயந்து வாங்குகிறாரோ அந்தச் சாலையில் அது வெறும் கைக்கடிகாரம்தான். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. வாங்குகிறவருக்குக் கேட்கத் தெரிவதில்லை. களத்துக் கூலியைச் சேர்த்து வைத்து வாங்கும் வீட்டில் இது சின்ன ஏமாற்றமாக முடியாது.

சிம் போட்டுத் தானே பேசும் ரகமும் உண்டு. விலை அதிகம், மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. மலையடிவாரத்தில் சிக்னல் போய்ப் போய் வரும் இடங்களில், பிள்ளை இருக்கும் இடம் அம்மாவின் திரைக்கு வந்து சேர வேண்டும். அதைவிடப் பெரிய கவலை வேறு. 2017 அக்டோபரில் நார்வேயின் நுகர்வோர் அமைப்பு குழந்தைகளுக்கான இத்தகைய கடிகாரங்களைச் சோதித்தது. சிலவற்றில் முன்பின் தெரியாத ஆள் நுழைந்து, பிள்ளை எங்கே போகிறது என்று பார்க்க முடிந்தது. அடுத்த மாதமே ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தைக் கடிகாரங்களின் விற்பனைக்குத் தடை போட்டது. வாங்கியவர்கள் அதை அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னது. வகுப்பில் ஆசிரியர் பேசுவதைப் பெற்றோர் அதன் வழியே ஒட்டுக்கேட்டார்கள் என்பது அங்கே தெரியவந்த விஷயங்களில் ஒன்று. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பாப்பா எந்நேரம் எந்த முக்கில் நிற்கிறாள் என்பது எந்த ஊர் சர்வரில் கிடக்கிறது என்று, விலை குறைந்த கடிகாரத்தின் செயலியைப் பதிவிறக்கும்போது எந்த அப்பாவும் அம்மாவும் படித்துப் பார்ப்பதில்லை.

வகுப்பறைக்குள் அது என்ன செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டைப்பையில் அடங்கிக் கிடக்கும் கைப்பேசியைவிட, தோலைத் தொட்டுக்கொண்டு அதிரும் ஒன்று பிள்ளையின் கவனத்தை இன்னும் எளிதாக இழுக்கும். பிரான்ஸ் 2018இல் பள்ளிகளில் கைப்பேசியைத் தடுத்தபோது, தொடர்புகொள்ள உதவும் மற்றக் கருவிகளையும் சேர்த்தே சட்டம் எழுதியது. சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில் 2026 ஜனவரி முதல் இடைவேளையில்கூட ஸ்மார்ட் வாட்ச் கூடாது. நீட் தேர்வுக்கு எந்தக் கடிகாரமும் கட்டிப்போக முடியாது. நேரம் பார்க்க அறையிலேயே சுவர்க் கடிகாரம் இருக்கும்.

இதையெல்லாம் விட எனக்கு மனசில் உறுத்துவது ஒரு காலை நேரப் பேருந்தில் பார்த்தது. சீருடையில் மூன்று பையன்கள் ஒரே சீட்டில். இரண்டு பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச். யார் அதிகம் நடந்தது என்று எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்தங்கியவன் உட்கார்ந்தபடியே கையை விறுவிறு என்று உதறினான். கடிகாரம் அதையும் நடையாக எண்ணிக்கொண்டது. மூன்றாமவன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே சொன்னான்: “என்னுத சார்ஜ்ல போட்டுட்டு வந்துட்டன்.” மற்ற இருவரும் பதில் பேசவில்லை. அது மெய்யாகவும் இருக்கலாம். அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பண்ணையார் மகனும் பண்ணையத்தில் வேலை செய்கிறவர் மகனும் ஒரே பெஞ்சில் ஒரே துணியில் உட்கார வேண்டும் என்றுதான் இந்த மாநிலம் சீருடை கொடுத்தது. மணிக்கட்டு எவ்வளவு பேசும் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொன்ன பரிந்துரை அதில் உண்டு. சாதிக் கயிறும் ஸ்மார்ட் வாட்சும் சமம் என்று நான் சொல்லவில்லை. கயிறு ரத்தம் பார்த்தது. ஆனால், சீருடை மூடியதை மணிக்கட்டு திறந்து காட்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

அதனால் பள்ளிக்குள் ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம் என்பேன். ஆனால், விலக்கு வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளில் சிலருக்கு, உடலில் ஒட்டிய சென்சார் சொல்லும் அளவைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்வது உயிர் காக்கும் வசதி. மருத்துவர் கடிதம் கொண்டுவந்தால் மறுபேச்சின்றி அனுமதிக்க வேண்டும். முள் கடிகாரத்துக்கும் தடை கூடாது. நான் பத்தாவது தேறியபோது அப்பாரு கட்டிவிட்ட எச்.எம்.டி.க்குத் தினமும் காலையில் சாவி கொடுப்பேன். நேரம் என் பொறுப்பு என்று அதில்தான் கற்றேன்.

மீதி இருப்பது அந்தச் சாலை. இதே மாவட்டத்தின் வால்பாறையில் பத்தாண்டுகளுக்கு மேலாக, யானை பக்கத்தில் நின்றால் உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது; கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி போகிறது. ஸ்மார்ட் வாட்ச் உள்ளவர், இல்லாதவர் என்று அந்த விளக்கு பார்ப்பதில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களுக்கு அப்படி ஒன்று கேட்கலாம். ஸ்பெஷல் கிளாஸை மாலையிலிருந்து காலைக்கு மாற்றச் சொல்லலாம். பிள்ளை கிளம்பியதும் வீட்டுக்கு ஒரு போன் போடப் பள்ளி அலுவலகத்தில் ஒரு தொலைபேசி போதும். கேட்பதற்கு இடமும் இருக்கிறது: 2024இல் அரசுப் பள்ளிகளில் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் 24 உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பெற்றோர்தான்.

அந்தத் தாயிடம் இப்போதைக்கு வாட்ச் வேண்டாம் என்றேன், காரணத்தோடு. மற்றதைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம் என்றும் சொன்னேன். “அப்ப கூட்டத்துல வந்து நீங்களே சொல்லுங்கண்ணா, நாங்க சொன்னா எடுபடாதுங்க” என்றார். நான் வருகிறேன், ஆனால் நீங்கள்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.